மாலையோடு கட்டிய பேட்ஜ்

குத்துக்கல்வலசை,
மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பு அத்தானுக்கு,

கிறிஸ்டி எழுதுகிறேன். நானும் அத்தையும் சுகம். வயிற்றில் இருக்கிறவரும் சுகம். சர்ச்சில் பிரசங்கம் நீண்டால் உள்ளேயிருந்து உதைத்துக் கண்டிக்கிற அளவுக்குச் சுகம். இதை முதலிலேயே எழுதிவிட்டேன். இல்லாவிட்டால் நீங்கள் கடைசிப் பக்கத்துக்குத் தாவி, அங்கிருந்து பின்னோக்கிப் படித்து, ஒன்றும் புரியாமல் எனக்கு ஃபோன் போடுவீர்கள்.

தினமும் வீடியோ காலில் முகம் பார்க்கிறவள் எதற்காகக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். உங்களோடு வேலை செய்கிற நம் பிரின்ஸ் தங்கச்சி கல்யாணத்தை முடித்துவிட்டு இந்த வாரம் அங்கே திரும்புகிறார். அவரிடம் அத்தை முந்திரிக்கொத்தும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தப் பார்சலுக்குள் இதையும் வைக்கிறேன். ஃபோனில் என்றால் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீங்கள் குறுக்கே புகுந்துவிடுவீர்கள், அல்லது நெட் போய்விடும். காகிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது. எனக்கு அதுதான் வசதி.

அத்தான், பிப்ரவரி முழுவதும் ஒரு விஷயத்தை உங்களிடம் மறைத்தேன். அதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கப்போவதில்லை. நான் இங்கே மனிதர்களின் எலும்புக்கு எக்ஸ்ரே எடுக்கிறேன். நீங்கள் அங்கே பாலைவனத்தில் எண்ணெய்க் குழாயின் வெல்டிங்குக்குக் கதிர்வீச்சு போட்டுப் படம் எடுக்கிறீர்கள். என் மிஷின் சுவிட்சை அணைத்தால் அடங்கிவிடும். உங்கள் பெட்டிக்குள் இருக்கிற கதிர் வீசும் சாமானுக்கு சுவிட்சே கிடையாது. அதைக் கையாளுகிற மனிதனின் மனசு தென்காசியில் அலைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. இனி கதையைக் கேளுங்கள்.

பிப்ரவரி தொடக்கத்தில் ஒருநாள் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் ஸ்கேன் சென்டரின் முதலாளி எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரியும்தானே. காலை வணக்கமே தெரு முனைவரை கேட்கும். அன்றைக்குக் குரலே எழும்பவில்லை. உட்காருமா என்றார். பிறகு எழுந்துபோய் ஃபேனைக் கூட்டிவிட்டு வந்தார். மேஜையில் பேட்ஜ் ரிப்போர்ட் கிடந்தது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நான் போட்டிருந்த, கதிரை அளக்கிற பேட்ஜை வழக்கம்போல ஆய்வுக்கு அனுப்பியிருந்தோம். எப்போதும் எங்கள் எல்லோருக்கும் சைபரை ஒட்டித்தான் வரும். இந்த முறை என் பெயருக்கு நேரே, ஒரு வருஷம் முழுவதற்கும் அனுமதித்த அளவையும் தாண்டிய எண் இருந்தது. உடனே விளக்கம் தரவேண்டும், கதிர் வேலையிலிருந்து ஒதுங்கி இருக்கவேண்டும் என்று கீழே எழுதியிருந்தது.

நான் எண்ணைப் பார்க்கவில்லை அத்தான். மாதங்களைத்தான் பார்த்தேன். அக்டோபரில் நீங்கள் லீவில் வந்திருந்தீர்கள். ஐந்தருவியில் வெள்ளம் என்று தடை போட்டு, நாம் பழைய குற்றாலம் போய் நனைந்தோமே, அந்த அக்டோபர். நவம்பரில் பிள்ளை தங்கியிருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கே அண்ணாச்சியிடம் சொல்லி, எக்ஸ்ரே அறையை விட்டு வெளியே கவுண்டருக்கு மாறிவிட்டேன். ஆக, அந்தக் கதிர் என்மேல் பட்டிருந்தால் அது பிள்ளை தங்கிய புதிதில்தான் பட்டிருக்கவேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை. நான் அண்ணாச்சியின் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, அந்தத் தண்ணீரை அவரே குடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அத்தை இத்தனை நாளும் அந்தப் பேட்ஜ் என்னைக் காப்பாற்றுகிற கவசம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம், போனதும் அதைக் குத்திக்கொள் என்பார்களே, இதற்காகத்தான். அது எதையும் தடுக்காது, பஞ்சாயத்து ஆபீசில் மழை அளக்க வைத்திருக்கிற குவளை மாதிரி, எவ்வளவு பெய்தது என்று மட்டும்தான் சொல்லும் என்றேன். அப்படியானால் குடை எது என்று கேட்டார்கள். சுவரும் ஈய ஏப்ரனும் தள்ளி நிற்பதும்தான் குடை என்றேன். நீ நனைந்தாயா இல்லையா என்று கேட்டார்கள். தெரியவில்லை அத்தை என்று அழுதேன்.

கடையத்துச் சித்திக்கு யார் சொன்னார்களோ தெரியாது, அடுத்த நாளே வந்துவிட்டாள். குறையுள்ள பிள்ளையைப் பெற்று வளர்ப்பதைவிட இப்போதே கலைத்துவிடுவது நல்லது, உனக்கு வயசு இருக்கிறது என்று மெதுவாக ஆரம்பித்தாள். அத்தை அரிவாள்மனையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். தலையை நிமிர்த்தாமலே, "ஏட்டி, நெஞ்சில குத்துத ஒரு பிளாஸ்டிக்கு சொல்லுததக் கேட்டு எம் பேரப்பிள்ளயத் தொலைக்கணுமா? காப்பியக் குடிச்சிட்டு பஸ்ஸப் பிடி" என்றார்கள். சித்தி காப்பியைக் குடிக்கவே இல்லை. உங்கள் அம்மாவை எனக்கு எப்போதும் பிடிக்கும். அன்றைக்குக் கட்டிக்கொள்ளவேண்டும்போல இருந்தது. கட்டிக்கொண்டேன். கையில் வெண்டைக்காய் இருக்கு, தள்ளிப் போ என்றார்கள்.

ஆனாலும் தெம்பு தந்தது டாக்டர் ஷஹானாதான். என் பிரசவக் கணக்கு அவரிடம்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் ரிப்போர்ட்டை ஒரு தடவை பார்த்தார், என்னை இரண்டு தடவை பார்த்தார். பேட்ஜ் தன்மேல் பட்டதைச் சொல்கிறது, உன்மேல் பட்டதா என்று உன் உடம்பைக் கேட்கலாம் என்றார். சரியான அளவு தெரியாமல் கலைப்பதைப் பற்றி யாரும் பேசக்கூடாது, மீறிப் பேசினால் என்னிடம் அனுப்பு என்றும் சொன்னார். சித்தியை அனுப்பிவைக்கலாமா என்று அந்தக் கவலையிலும் எனக்குத் தோன்றியது.

உடம்பைக் கேட்பது எப்படி என்று நான் படித்திருந்தேன், பார்த்ததில்லை. ரத்தம் எடுத்து, அதிலுள்ள வெள்ளை அணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து, அவற்றின் குரோமோசோம்களை மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஒரு குரோமோசோமுக்கு ஓர் இடுப்புத்தான் உண்டு. பலமாகக் கதிர் பட்டிருந்தால் அவை உடைந்து, உடைந்த துண்டுகள் தப்பும் தவறுமாக ஒட்டிக்கொண்டு, சிலவற்றுக்கு இரண்டு இடுப்பு வந்துவிடும். அவசரத்தில் ஒரே சட்டைக்கு இரண்டு காலர் தைத்த தையல்காரரைப்போல. மாதங்கள் போனாலும் அந்தத் தையல் ரத்தத்தில் தெரியும்.

சென்னையில் அதற்கு ஓர் ஆய்வகம் இருக்கிறது. ரத்தம் எடுத்த குழாயை ஐஸில் வைக்கக்கூடாது, வெயிலும் படக்கூடாது, சீக்கிரம் போய்ச் சேரவேண்டும் என்றார்கள். கூரியரில் அனுப்பலாம் என்று நான் சொன்னதும் அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! குழாயைப் பஞ்சில் சுற்றி, டிபன் பையில் வைத்து, தானே பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டார். வண்டியில் பக்கத்து சீட்டுக்காரர் என்ன சாப்பாடு என்று கேட்டதற்கு, எங்க வீட்டுப் பிள்ளையோட ரத்தம் என்று இவர் பதில் சொல்ல, அந்த மனிதர் சங்கரன்கோவிலிலேயே வேறு பெட்டிக்கு மாறிவிட்டாராம். திரும்பி வந்து அண்ணாச்சியே சொன்னார். ரத்தம் என்று கேட்டதும் மனுசன் இப்படிப் பயப்படுதானே என்று அவருக்கு வருத்தம்.

ரிசல்ட் வர வாரக்கணக்காகும் என்றார்கள். நான் கவுண்டரில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்தேன். நீங்கள் வீடியோ காலில் ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டபோதெல்லாம் புளிப்பு தின்று வாய் கூசுகிறது என்றேன். நீங்களும் நம்பினீர்கள். ஆண்பிள்ளைகளிடம் மசக்கை என்று எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறீர்கள்.

அப்புறம்தான் வந்தார் அந்த மங்குஸ்தான்காரர். குற்றாலத்தில் பழக்கடை வைத்திருப்பவர். அவருடைய மகன் வளைகுடாவுக்குப் போவதற்காக அக்டோபரில் எங்களிடம் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருந்தான். அதற்கு இன்னொரு காப்பி வேண்டுமாம். கம்ப்யூட்டரில் தேடி எடுத்தேன். அந்த நாட்களில் நான் உங்களோடு லீவில் இருந்தேன். எனக்குப் பதிலாக வந்தவர் புளியறைக்காரர், ஆறுமுகநயினார். நல்ல மனிதர்தான், ஆனால் கதிர் விழும் இடத்தைச் சுருக்கவே மாட்டார். நெஞ்சுக்கு எடுக்கச் சொன்னால் தோள்பட்டை, காது, பின்னால் இருக்கிற சுவர் எல்லாம் விழுகிற மாதிரி அகலமாகத் திறந்து எடுத்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் ஓரத்தை வெட்டிவிடுவார். வெட்டாத மூலப்படம் உள்ளேதான் கிடக்கும். நான் அதைத் திறந்தேன்.

படத்தின் மேல் மூலையில், தோளுக்கு வெளியே, சின்னதாக ஒரு செவ்வக நிழல். அதற்குள் வட்டமாக சில வில்லைகள். பக்கத்தில் மெல்லிய கோடாக ஒரு ஜரிகை நூல் நெளிந்து போகிறது. அத்தான், அந்த வில்லைகளை எனக்குத் தெரியாதா! என் நெஞ்சில் நான் வருஷக்கணக்காகக் குத்திக்கொண்டு அலைகிற பேட்ஜ்! வளைகுடா போகிற பிள்ளையின் எக்ஸ்ரேயில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த படத்தைத் திறந்தேன், அதிலும் அதே இடம். அதற்கடுத்ததிலும். அந்த வாரங்களில் விசாவுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வந்த அத்தனை பேரோடும் சேர்ந்து என் பேட்ஜும் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆயுதபூஜைக்கு முந்தைய படங்களில் அது இல்லை. நான் லீவு முடிந்து வந்த பிறகு எடுத்தவற்றிலும் இல்லை.

மங்குஸ்தான்காரர் பயந்துபோய், மகனுக்கு நெஞ்சில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். உங்கள் மகன் கல்லுமாதிரி இருக்கிறான், இந்த நிழல் என்னுடையது என்றேன். சத்தம்போட்டுச் சிரித்தேன். கண்ணீரும் வந்தது. கூட்டிப் பெருக்கும் உலகம்மை அக்கா துடைப்பத்தோடு ஓடிவந்தார். இந்தப் பேட்ஜ் எப்படி நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிற ஸ்டாண்டுக்குப் போனது என்று கேட்டேன். அவர் ரொம்பச் சாதாரணமாக, "அது பூச அன்னைக்கு அண்ணாச்சிதாம் மாலையோட வச்சுக் கட்டுனாவ. மாலை வாடுனப் பொறவு நாந்தான் எடுத்து ஆணியில மாட்டுனேன்" என்றார்.

நடந்தது இதுதான். ஆயுதபூஜைக்கு அண்ணாச்சி எல்லோருடைய ஆயுதத்தையும் சாமிக்கு வைப்பார். டாக்டரின் ஸ்டெதஸ்கோப், கவுண்டர் பிள்ளையின் ஸ்டேப்ளர், உலகம்மை அக்காவின் துடைப்பம்கூட உண்டு. நான் லீவில் இருந்தேன், ஏப்ரனும் பழுதுபார்க்கப் போயிருந்தது. கிறிஸ்டிக்கென்று ஒன்றும் இல்லையே, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளை என்பதால் விட்டுவிட்டோம் என்று நினைத்துவிடுமே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. ஆணியில் மாட்டியிருந்த என் பேட்ஜை எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஸ்டாண்டுக்குப் போட்ட, ஜரிகை சுற்றிய சாமந்தி மாலையோடு சேர்த்து நாரால் கட்டிவிட்டார். மாலை தானாக வாடி உதிரும்வரை அதை யாரும் தொடக்கூடாது என்பது அங்கே அவர் போட்ட சட்டம். நான் திரும்பி வந்தபோது பேட்ஜில் குங்குமம் ஒட்டியிருந்தது உண்மைதான். துடைத்துவிட்டுக் குத்திக்கொண்டேன்.

அண்ணாச்சியிடம் படத்தைக் காட்டினேன். "எம்மா, ஒன்ன விட்டுறக் கூடாதுன்னுதானே கட்டுனேன்" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாவி நானே கட்டி நானே ரத்தத்தையும் தூக்கிக்கொண்டு மெட்ராசுக்கு ஓடியிருக்கிறேனே என்று அவரும் சிரிக்க ஆரம்பித்தார். உலகம்மை அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய துடைப்பத்தில் கதிர் ஏறியிருக்குமா என்று கேட்டார். எக்ஸ்ரே எதிலும் தங்காது அக்கா, சுவிட்சை அணைத்ததும் போய்விடும் என்று சொல்லித் தேற்றினேன்.

நிழலைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதிக்கு ரத்த ரிசல்ட் வரவேண்டியிருந்தது. போன வாரம் வந்துவிட்டது அத்தான். நூற்றுக்கணக்கான அணுக்களைப் பார்த்திருக்கிறார்கள். எல்லாமே ஓர் இடுப்புத்தான், எல்லாமே ஒழுங்கான தையல். கதிர்வீச்சு பட்ட அடையாளம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். டாக்டர் ஷஹானா அன்றைக்கே ஸ்கேன் பார்த்தார். திரையில் நம் பிள்ளை காலை நீட்டி மடக்கிக்கொண்டு கிடந்தது. அத்தை திரையைப் பார்த்து, எங்க ஜெனோ தூங்குத மாதிரியே கிடக்கு என்றார்கள், உங்களைத்தான். அந்தப் படங்களையும் ரத்த ரிப்போர்ட்டையும் சேர்த்து மேலிடத்துக்கு விளக்கம் அனுப்பிவிட்டோம்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி வேன் பிடித்து எங்கள் எல்லோரையும் புளியறை ரோட்டுக் கடைக்குக் கூட்டிப்போனார். லாரிகள் வரிசையாக நிற்க, நாங்கள் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றிச் சாப்பிட்டோம். அத்தைக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று நீங்கள் சொல்வீர்களே, அதெல்லாம் வீண்பேச்சு. உங்கள் அம்மா சாப்பிட்டதைப் பார்த்து அண்ணாச்சியே அசந்துவிட்டார். குற்றாலநாதருக்கு அர்ச்சனை சொல்லியாச்சு, உங்க சர்ச்சுல யார்கிட்ட என்ன கொடுக்கணும் என்று அவர் கேட்க, அத்தை பெருந்தன்மையாக, ஒரு நன்றி ஜெபத்துக்கு வந்து பின்னால் உட்காருங்க போதும் என்றார்கள். இன்று காலை வந்து உட்கார்ந்தார். பாட்டுகளுக்கெல்லாம் தாளம் போட்டார்.

திங்கள்கிழமை.

நேற்று அதோடு முடித்துக் கையெழுத்துப் போட்டிருக்கவேண்டும். தூக்கம் வந்துவிட்டது, வைத்துவிட்டேன். நல்லதாகப் போயிற்று.

இன்று மத்தியானம் பிரின்ஸ் பார்சல் வாங்க வந்தார். அயிலைக் குழம்பு வைத்திருந்தோம். சாப்பிடும்போது அவரிடம் இந்த மாலைக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே, "போங்க மைனி, ஒங்க பேட்ஜ் பூமாலையில தொங்கிச்சு. எங்க பேட்ஜெல்லாம் ரூம்ல கட்டில் கம்பியில தொங்குது. ஜெனோ அண்ணன் பேட்ஜும் அங்கனதான்" என்றார். சைட்டுக்குக் கொண்டுபோவதில்லையா என்று கேட்டேன். கொண்டுபோனால் அளவு ஏறும், ஏறினால் சைட்டிலிருந்து இறக்கி உட்காரவைத்துவிடுவார்கள், சம்பளம் போய்விடும், எல்லோரும் இப்படித்தான் மைனி என்றார். அத்தை அவருக்கு இன்னொரு மீன் துண்டு வைத்தார்கள். நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். பிரின்ஸைத் திட்டாதீர்கள். அவர் மறைக்கவேண்டிய விஷயம் என்றுகூட நினைக்காமல்தான் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது அத்தான். பொய் சொல்லமாட்டேன், அந்தக் குழம்புச் சட்டியைத் தூக்கிப் போடலாமா என்று வந்தது. பிறகு இங்கே வந்து உட்கார்ந்து, நேற்று எழுதியதையெல்லாம் திரும்பப் படித்தேன். படிக்கப் படிக்கச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடித்ததும் பயம் வந்தது. பிப்ரவரியில் வந்த பயம் இல்லை இது. அப்போது என் பேட்ஜ் ஒன்றைச் சொன்னது, அது பொய்யா என்று கேட்க எனக்கு வழி இருந்தது, கேட்டேன், பதில் கிடைத்தது. உங்கள் பேட்ஜ் ஒவ்வொரு முறையும் சைபர் என்று சொல்லும். அதைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

உட்காரவைத்தால் உட்காருங்கள். வீட்டுக்கு அனுப்பினால் வாருங்கள். ஜூலையில், சாரல் விழுகிற நேரத்தில், பிள்ளை பிறக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீங்கள் வந்தால் உங்கள் ரத்தமும் சென்னை ஆய்வகத்துக்குப் போகவேண்டும் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். எப்போது வேண்டுமானாலும் டிபன் பையோடு ரயில் ஏறத் தயார் என்கிறார். கதிர் பட்டால் வலிக்காது, தெரியாது. நமக்கு இருப்பது பட்டதை அளந்து எண்ணுவது ஒன்றுதான் என்று கல்யாணமான புதிதில் எனக்குச் சொன்னவரே நீங்கள்தான்.

கர்த்தர் உங்களுக்கு முன்னும் பின்னும் காவலாக இருப்பாராக. அவர் பார்த்துக்கொள்வார் என்று பேட்ஜைக் கட்டிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்து, அதை எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டு, எனக்கு ஒரு ஃபோட்டோ அனுப்புங்கள் அத்தான். வேறு எதுவும் வேண்டாம்.

உங்கள் பிள்ளையைச் சுமந்துகொண்டு உங்களுக்காகக் காத்திருக்கும்,
கிறிஸ்டி.